சீட்டுக்குப் பின்னால் ஒரு டேங்க்

முருகன் துணை

திருத்தணி,
6-8-1946

மச்சான் ஜெகநாதனுக்கு ஆறுமுகம் எழுதுவது.

துரைக்கண்ணு முதலாளியின் பஸ்கள் இங்கிருந்து புத்தூர் வரை வழியில் எங்கே நின்றுபோனாலும் கட்டி இழுத்து வரும் வேலை இனி நம்முடையது. நேற்று மாலை முதலாளியே ஷெட்டுக்கு வந்து சொன்னார். மெக்கானிக் காதர் பாய் பக்கத்தில் இருந்தார். ஆகவே இது காற்றுவாக்கில் வந்த சேதி அல்ல.

ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். இழுக்கிற வண்டியும் நடுவழியில் நிற்கக் கூடாது. காரணம் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் நகரிக்கு அப்பால் ஒரு பஸ்ஸை இழுத்து வந்தபோது பிக்கப்பில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. கையில் பெட்ரோல் ரேஷன் கூப்பன் இருந்தது, நகரி பங்க்கில் சரக்கு இல்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் காவடியைத் தோளில் எடுத்துக்கொண்டு நடந்தே திருத்தணி வந்தார்கள். "ஓடாத பஸ்ஸ இழுக்க ஓடாத வண்டியா? நல்லா ஜோடி சேத்தீங்கடா!" என்று ஓர் அம்மாள் போகிறபோது சொல்லிவிட்டுப் போனாள். அது முதலாளி காது வரை போயிருக்கிறது.

ஆவடி ஏலத்தில் நாம் எடுத்த இந்தப் பட்டாளத்துப் பிக்கப்புக்குத் தெம்பு உண்டு. ஆனால் பின்னால் பஸ்ஸைக் கட்டிவிட்டால் பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கிறது. அதனால் இன்னொரு டேங்க் வேண்டும். உன் புதுப்பேட்டைப் பட்டறையில் அடித்து அனுப்பு. கேபினுக்கு உள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் வைக்கப்போகிறேன். வெளியே வைத்தால் ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சிக்கொண்டு போய்விடுவார்கள். இந்தக் கூப்பன் காலத்தில் பெட்ரோல் திருடன் இல்லாத ஊர் இல்லை.

வைகாசியில் வந்த காய்ச்சல் முழுவதும் விட்டுவிட்டது. கை கால் பழைய பலத்துக்கு வந்தாயிற்று. சாப்பாட்டில்தான் முன்போல் பிடிப்பு இல்லை. உன் அக்காள் அம்சா சுகம். நீ வேளைக்குச் சாப்பிடு.

ஆறுமுகம்

*

சென்னை, புதுப்பேட்டை,
11-8-1946

அன்புள்ள பாவாவுக்கு ஜெகநாதன் வணக்கம்.

நான் சுகமாக இருக்கிறேன். அக்காவும் நீங்களும் சுகமாக இருப்பது தெரிந்து நிம்மதி. காய்ச்சலுக்குப் பின் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

டேங்க் அடித்துத் தருகிறேன். கனத்த தகரம், உள்ளே பெட்ரோல் அலையாமல் இருக்க நடுவில் ஒரு தடுப்பு, கீழே ஒரு டேப். டேப்பைத் திறந்தால் பழைய டேங்குக்கு இறங்க வேண்டும்.

கேபினுக்கு உள்ளே வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. கசிவு என்று வந்தால், மூடிய கேபினுக்குள் ஒரு தீக்குச்சி போதும். வேறு யாராவது கேட்டிருந்தால் முடியாது என்று எழுதியிருப்பேன். உங்கள் மூக்கை நம்பித்தான் ஒப்புக்கொள்கிறேன். கே.ஜி.கண்டிகை டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, பஸ் கண்ணில் படுவதற்கு முன்பே "கிளச் கருகிகினு வருது பாரு" என்று சொன்னவர் நீங்கள். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் மூடியைத் திறக்கும்போதே சொல்லிவிடுவீர்கள். துரைக்கண்ணு முதலாளி மற்ற டிரைவர்களை விட்டுவிட்டு உங்களைத் தேடி வந்ததும் அந்த மூக்கால்தான். அது இருக்கும்வரை ஒரு சொட்டுக் கசிந்தாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும், அல்லவா?

டேப்புக்கு உரிய வாஷரையும் கூடவே அனுப்புகிறேன். அதையே போடச் சொல்லுங்கள்.

மூக்கு விஷயத்துக்கும் இட விஷயத்துக்கும் உங்கள் பதில் வந்ததும் வேலையைத் தொடங்குகிறேன்.

ஜெகநாதன்

*

திருத்தணி,
29-8-1946

மச்சான் ஜெகநாதனுக்கு.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. மழையில் ஷெட்டின் கூரை ஒழுகியது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சுகமா?

இடம் சீட்டுக்குப் பின்னால்தான். அளவு எடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் நீ எழுதியபடி. ரயில் பார்சலில் திருத்தணி ஸ்டேஷனுக்கே அனுப்பிவிடு. தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முன் மாட்டிவிட வேண்டும் என்று முதலாளி அவசரப்படுகிறார்.

ஆறுமுகம்

*

திருத்தணி,
10-9-1946

தம்பி ஜெகநாதனுக்கு அக்கா அம்சா எழுதுவது. வெயிலில் அலையாதே. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கிறாயா?

டேங்க் நேற்று வந்து சேர்ந்தது. ஸ்டேஷனிலிருந்து சுப்பன் தலையில் தூக்கி வந்தான். சுப்பனை உனக்குத் தெரியும், பிக்கப்பில் சங்கிலி மாட்டுகிற ஆள். வரும் வழியெல்லாம் "இன்னாப்பா, சவப்பெட்டி யாருக்கு?" என்று கேட்டார்களாம். வாயில் வேறு வார்த்தையே வராது இந்த ஊர்க்காரர்களுக்கு.

பாவா நன்றாக இருக்கிறார். ஒரு நல்ல சேதி. பீடியை விட்டுவிட்டார். காய்ச்சல் குணமானதற்கு முருகனுக்கு வேண்டிக்கொண்டாராம். நான் கேட்காமலே செய்தார். தெருவில் எல்லாரும் அவரைக் காட்டித் தங்கள் வீட்டுக்காரரைத் திட்டுகிறார்கள். சாப்பாட்டிலும் முன்போல் குறை சொல்வதில்லை. போன வாரம் குழம்பு அடிப்பிடித்துக் கருகிவிட்டது. பயந்துகொண்டே போட்டேன். ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஒரு வேண்டுதல் ஒருவரை இப்படியும் மாற்றுமா?

என் உடம்பு அப்படி இப்படித்தான். எழுதுகிற மாதிரி ஒன்றும் இல்லை.

அம்சா

*

சென்னை,
15-9-1946

அன்புள்ள பாவாவுக்கு.

டேங்க் வந்து சேர்ந்ததை அக்கா எழுதியிருந்தாள். பீடியை விட்டதும் எழுதியிருந்தாள். சந்தோஷம். இருவர் உடம்பும் எப்படி இருக்கிறது?

மாட்டியதும் ஒரு சோதனை செய்யுங்கள். டேங்கை நிரப்பி, கேபின் கதவையும் கண்ணாடியையும் மூடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் தலையை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். என்ன வாசனை வந்தது என்று எனக்கு எழுதுங்கள். எழுதிய பிறகு வண்டியை எடுங்கள்.

ஜெகநாதன்

*

திருத்தணி,
24-9-1946

மச்சான் ஜெகநாதனுக்கு.

காதர் பாய் டேங்கை மாட்டிவிட்டார். நேற்று புத்தூரிலிருந்து அச்சு முறிந்த பஸ்ஸை ஒரே இழுப்பில் திருத்தணிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். வந்த பிறகும் புது டேங்கில் பெட்ரோல் மீதி இருந்தது. முதலாளி குச்சியை விட்டு அளந்து பார்த்து, என் முதுகில் தட்டினார். எவ்வளவு பெரிய பாரம் இறங்கியது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீ சொன்னபடி இரவு மூடி வைத்துக் காலையில் திறந்து பார்த்தேன். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. காதர் பாயும் பார்த்தார். அவருக்கும் வரவில்லை.

இங்கு எல்லாரும் சுகம். உன் வேலை நல்ல வேலை.

ஆறுமுகம்

*

திருத்தணி,
2-10-1946

தம்பி ஜெகநாதனுக்கு அக்கா அம்சா. நீ நலமாக இருக்க வேண்டும் என்று மலையைப் பார்த்துத் தினமும் கும்பிடுகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பாவாவுடைய சட்டையில் பெட்ரோல் வாசனை வருகிறது. மெக்கானிக்கிடம் பழகுகிறவர், வராமல் எப்படி என்று நீ கேட்பாய். இது அந்த மாதிரி இல்லை. துவைத்தாலும் போவதில்லை. தலையணையில் வருகிறது. பிக்கப் வாசலில் நின்றால் வீட்டுக்குள் எனக்குக் குமட்டுகிறது.

அவரிடம் சொன்னேன். "உனக்கு இப்ப எல்லாமே நாறும்" என்றார். அதுவும் வாஸ்தவம். சோறு கொதிக்கிற வாசனை ஆகவில்லை, சோப்பு ஆகவில்லை, பக்கத்து வீட்டு சாம்பிராணி ஆகவில்லை. நீ பெரியவன், புரிந்துகொள்வாய். முன்பு இரண்டு தடவையும் வாய்விட்டுச் சொன்ன வாரத்திலேயே இல்லாமல் போயிற்று. இந்தத் தடவை நாங்கள் இரண்டு பேரும் எங்களுக்குள்ளேகூட அதைப் பேசுவதில்லை. நீயும் யாரிடமும் சொல்லாதே.

அதனால் என் மூக்கை நானே நம்பவில்லை. காதர் பாய்க்கும் வாசனை தெரியவில்லையாம். ஆனால் அவர் வேளைக்கு ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போடுகிறவர். சுப்பனைக் கேட்டேன். "அண்ணனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். புது டேங்க் என்றால் சில நாள் வாசனை வருமா? அதை மட்டும் எழுது. எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அம்சா

*

சென்னை,
4-10-1946

அன்புள்ள அக்காவுக்கு.

இந்தக் கடிதத்துக்கு முன்பே என் தந்தி வந்திருக்கும். வண்டியை எடுக்க வேண்டாம், பாவாவின் மூக்கை நம்ப வேண்டாம், பக்கத்தில் நெருப்பு வேண்டாம், டேப்பைக் கழற்றிப் பார்க்கவும் என்று அடித்திருக்கிறேன்.

புது டேங்கில் வாசனை வரக் கூடாது. உன் மூக்கு சரியாகத்தான் இருக்கிறது. பாவாவின் மூக்குதான் சரியில்லை என்று நினைக்கிறேன். எங்கள் பட்டறையில் ஒருவருக்குப் போன வருஷம் விஷக்காய்ச்சல் வந்து மூக்கு செத்துப்போயிற்று. அவருக்கும் சாப்பாட்டில் பிடிப்பு போயிற்று. கருகினதும் கருகாததும் அவருக்கு ஒன்று. பீடியையும் அவர் விட்டுவிட்டார். உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்ததும் தந்தி அடிக்க ஓடினேன்.

இது என் ஊகம்தான். பாவா ஒப்புக்கொள்ளும்வரை உறுதி இல்லை. ஆனால் உறுதியாகும்வரை வண்டி நகரக் கூடாது.

நீ யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கனமான எதையும் தூக்காதே.

ஜெகநாதன்

*

திருத்தணி,
7-10-1946

தம்பி ஜெகநாதனுக்கு. பாவா வீட்டில் இருக்கிறார். முழுசாக இருக்கிறார். இதை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படி.

உன் தந்தி சனிக்கிழமை காலை வந்தது. இங்கிலீஷில் இருந்ததைப் போஸ்ட்மாஸ்டர் படித்துச் சொன்னார். அதற்குள் பாவா நகரிப் பக்கம் நின்றுவிட்ட பஸ்ஸை இழுக்கத் தனியாகப் போய்விட்டார். நான் தந்தியை எடுத்துக்கொண்டு நேரே காதர் பாய் ஷெட்டுக்கு ஓடினேன்.

"பாய், ஒங்க மூக்குக்கு அந்த வண்டியில பெட்ரோல் வாசனை வருதா இல்லையா? நெஜத்த சொல்லுங்க."

"என் மூக்காம்மா? பொடி போட்டுப் போட்டு அது செத்து எத்தினி வருசம் ஆவுது! ஆறுமுகத்துக்கு வரலியேன்னுதான் நானும் வரலன்னேன்."

"அவருக்கும் மூக்கு செத்துப்போச்சு பாய்."

 பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லா! மாட்டும்போது ஒன் தம்பி அனுப்பின வாஷர் முறிஞ்சிபோச்சும்மா. நாளைக்கி மாத்திக்கலாம்னு சைக்கிள் டியூப்ப வெட்டி வெச்சேன். ரப்பரு பெட்ரோல்ல ஊறினா கூழாப்பூடும்."

அவரும் சுப்பனும் நகரி பஸ்ஸில் ஏறிப் போனார்கள். அதற்குமேல் நான் பார்க்கவில்லை. சுப்பன் சொன்னதை எழுதுகிறேன்.

நகரிக்கு இந்தப் பக்கமே பிக்கப் எதிரில் வந்ததாம், பின்னால் பஸ்ஸைக் கட்டிக்கொண்டு. காதர் பாய் இறங்கி நடுரோட்டில் துண்டை வீசிக்கொண்டு நின்றிருக்கிறார். பாவா பக்கத்தில், கேபினில், அந்த பஸ்ஸின் கண்டக்டர். வாயில் பற்ற வைக்காத பீடி.

"இன்னாண்ணே, பட்டாளத்து வண்டியில ஒரு நெருப்புப்பெட்டி கூடவா இல்ல?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தானாம்.

"பீடிய முருகனுக்கு வுட்டுட்டேன்பா."

"நீங்க வுட்டீங்க, நான் வுடலியே! சரி, இன்னா வண்டி இது, பங்க் மாரி வாசன வருது?"

"புது டேங்க் இல்ல, அப்படித்தான் இருக்கும்."

காதர் பாய் சீட்டுக்குக் கீழே கிடந்த கோணியை இழுத்துப் பிழிந்தார். துணி துவைத்துப் பிழிந்தால் வருகிற மாதிரி வந்ததாம் பெட்ரோல். கண்டக்டர் அதைப் பார்த்தான், வாயிலிருந்த பீடியை எடுத்து ரோட்டோரத்து ஏரிப் பக்கம் வீசினான். "இன்னியிலருந்து நானும் முருகனுக்கு வுட்டுட்டேண்ணே" என்றான்.

சாயங்காலம் பாவா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.  குழம்புச் சட்டியை மூடியோடு எடுத்துவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது இன்னா குழம்பு, சொல்லுங்க பாப்போம்."

சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூடியத் தொறந்தா சொல்றேன்" என்றார்.

கருவாட்டுக் குழம்பு, தம்பி. தெருமுனை வரை தெரியும். அதை வைக்க நான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"காய்ச்சலுக்கு அப்புறம் ஒன்னுமே தெரியல அம்சா. சோறும் மண்ணும் ஒன்னுதான். வெளிய தெரிஞ்சா முதலாளி வேலயக் குடுப்பாரா?"

"அப்ப பீடி?"

"வைக்கோலக் கொளுத்தி இழுக்கற மாரி இருந்துச்சு. அதான் வுட்டேன்."

"முருகனுக்கு வேண்டிக்கினதுன்னு சொன்னீங்க?"

"அவரு கோவிச்சுக்க மாட்டாரு. அவராலதான் இன்னிக்கி நெருப்புப்பெட்டி இல்ல."

நான் சிரித்தேன். சிரிக்கும்போதே அழுதேன். பிறகு வயிற்றில் இருப்பதைப் பற்றி முதல் தடவையாக இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசினோம். இனி நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். நான்காம் மாதம்.

அம்சா

*

சென்னை,
12-10-1946

அன்புள்ள பாவாவுக்கு.

அக்காவின் கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன். உங்கள் இருவர் உடம்பும் இப்போது எப்படி?

உங்களைத் திட்ட வேண்டும் என்று நான்கு வரி எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். நானும் மூக்கை நம்பி டேங்க் அடித்தவன்தானே.

டேங்கைக் கேபினிலிருந்து எடுத்துவிடுங்கள். பின்புறம் பலகைக்குக் கீழே தொங்கவிட இரும்புப் பெட்டி ஒன்று செய்து அனுப்புகிறேன். அதற்குப் பூட்டு உண்டு. திருடன் வந்தால் பூட்டோடு மல்லுக்கட்டட்டும். புது வாஷர் ஆறு அனுப்புகிறேன். சைக்கிள் டியூப்பை சைக்கிளுக்கே வைத்துக்கொள்ளும்படி காதர் பாய்க்கு என் சலாமோடு சொல்லுங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. முதலாளியிடம் சொல்லிவிட்டீர்களா?

ஜெகநாதன்

*

திருத்தணி,
3-1-1947

மச்சான் ஜெகநாதனுக்கு ஆறுமுகம் எழுதுவது.

நேற்று அரக்கோணம் ஆஸ்பத்திரி டாக்டர் என் மூக்கைப் பார்த்தார். நரம்பு முழுவதும் சாகவில்லை என்கிறார். இது அவர் என் முகத்துக்கு நேரே சொன்னது, அம்சாவும் கேட்டாள். விஷக்காய்ச்சலில் போன மூக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பி வருவது உண்டாம். வராமலே போவதும் உண்டாம்.

நான் போனதற்குக் காரணம், முந்தாநாள் பிறந்த இங்கிலீஷ் வருஷத்துக்கு முதல் நாள் நடந்த படித் திருவிழா. படிக்குப் படி கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டு போனார்கள். நடுவில் ஓர் இடத்தில் என் மூக்கில் ஏதோ ஏறியது. அம்சாவின் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன். டாக்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கற்பூரத்தின் காரம் செத்த மூக்குக்கும் தெரியுமாம், அது வாசனைக் கணக்கில் சேராதாம். பிறகு என் கண்ணைக் கட்டிவிட்டுக் காப்பிப் பொடியைக் காட்டினார். முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவை ஏதோ இருந்த மாதிரி இருந்தது. "மாதிரி என்பதை நான் எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஆகவே அது இன்னும் உறுதி இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுதாமலே இருந்துவிட்டேன். முதலாளியிடம் சொல்ல எனக்குக் கார்த்திகை வரை ஆயிற்று. காதர் பாயைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"மூக்கப் பாத்தா ஒனக்கு வேல குடுத்தேன்?" என்றார். பிறகு அவரே, "ஆங், மூக்கப் பாத்துதான் குடுத்தேன்" என்றார். "சரி, வேற மூக்கு எதுனா வெச்சிகினு இருக்கியா?"

"என் சம்சாரம் மூக்கு இருக்குதுங்க."

"அதுக்குத் தனியா சம்பளம் கேக்காதே."

அவ்வளவுதான். வேலை நம்மிடமே இருக்கிறது. வெளியே வந்ததும் காதர் பாய் தன் பொடி டப்பியை எடுத்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

உன் பெட்டிக்குள் டேங்க் பத்திரமாக இருக்கிறது. பூட்டை யாரோ ஒருநாள் ராத்திரி அசைத்துப் பார்த்த அடையாளம் இருந்தது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. போன வாரம் புத்தூருக்கு இப்பால் நின்றுவிட்ட பஸ்ஸை இழுத்து வந்தேன். உள்ளே பொதட்டூர்பேட்டைக்காரர்கள், லுங்கி மூட்டைகளோடு. இறங்கும்போது எழுப்ப வேண்டியிருந்தது. இழுத்து வந்ததே தெரியாமல் தூங்கியிருக்கிறார்கள்.

தினமும் காலையில் உன் அக்காள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, பெட்டியிடம் குனிந்து மோந்து பார்த்து, "போங்க" என்கிறாள். பிறகுதான் நான் சாவியைத் தொடுகிறேன். "இன்னா அம்சா, வண்டியப் பிரதட்சணம் பண்றியா?" என்று தெருவில் கேட்கிறார்கள். இப்போது அவளால் குனிய முடிவதில்லை. அதனால் டேப்பை ஒரு துணியால் துடைத்து, அந்தத் துணியை அவளிடம் நான் நீட்டுகிறேன்.

மார்கழி என்பதால் வளைகாப்பு வைக்கவில்லை. தை முதல் வெள்ளிக்கிழமை. நீ முதல் நாளே வந்துவிட வேண்டும்.

பாக்கி இருப்பவை இரண்டு. பிள்ளை மாசிக் கடைசியில் என்று மருத்துவச்சி அன்னம்மாள் சொல்கிறாள். மூக்கு, வருவதானால் வைகாசிக்குள் என்று டாக்டர் சொல்கிறார். பிள்ளைதான் முந்திக்கொள்ளும் போலிருக்கிறது. அப்படியானால் மூக்கு வரும்வரை, பிள்ளையின் தலையில் என்ன வாசனை வருகிறது என்று அம்சாதான் எனக்குச் சொல்ல வேண்டும். சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

ஆறுமுகம்